புதுசாக்கித் தரச் சொல்லி யார் கேட்டது?

"பளபளன்னு ஆக்கிட்டேன்க்கா, பாருங்க, புதுசு கெட்டது போங்க!"

இதைச் சொன்ன மெக்கானிக்கை நான் அடிக்கவில்லை. அந்தப் பொறுமைக்கே எனக்கு யாராவது மாலை போட வேண்டும். பாட்டி காலத்துத் தையல் மெஷின் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். வயிறு எரிகிறது.

என் அப்பத்தாவின் தையல் மெஷின் சிங்கர் கம்பெனியின் 27கே மாடல். அந்தக் கடைசி 'கே' என்ற எழுத்து கில்போவியைக் குறிக்கும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885ல் திறந்து 1980ல் மூடிய தொழிற்சாலை அது. தொழிற்சாலை இடிந்து போனாலும் அங்கிருக்கும் ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் 'சிங்கர்' என்றுதான் பெயர். அங்கே வார்த்த இரும்பு கப்பலேறி, எப்படியோ மதுரைக்கு வந்து, அப்பத்தா காலடியில் ஓடி, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தது. இப்போதைய மெஷினில் அடிநூல் சுற்றி வைக்கும் வட்ட பாபின் இதில் கிடையாது. படகு மாதிரியான நீள ஷட்டில், அதற்குள் குச்சி போல ஒரு பாபின். தைக்கும்போது அந்தப் படகு முன்னும் பின்னும் ஆடும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் நாங்கள் மத்தியானம் தூங்கினோம்.

கருப்பு உடம்பு முழுக்கத் தங்க நிறத்தில் ஸ்பிங்ஸ் படம். சிங்க உடம்பு, மனுச முகம். சின்ன வயதில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் சிங்கக்காரி. அப்பத்தா துணியை நகர்த்தி நகர்த்தி, வலது பக்கச் சிங்கக்காரியின் முகம் பாதி தேய்ந்து வெள்ளியாகியிருக்கும். எழுபது எண்பது வருசத்துத் தேய்மானம். அப்பத்தாவின் புறங்கை அங்கே பட்டுக்கொண்டே இருந்ததற்கு வேறு சாட்சியே கிடையாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மேல்நூலை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் உடைந்துவிட்டது. கம்பி மாதிரி ஒரு துணுக்கு, அவ்வளவுதான். ஸ்டாண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடையில் இறக்கி வைத்ததும் விரலை நீட்டிக் காட்டினேன். "இந்த ஸ்பிரிங் மட்டும். வேற எதையும் தொடக் கூடாது. துடைக்கக்கூட வேண்டாம்." தலையை ஆட்டினான். மறுபடியும் சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கா" என்றான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னேன். இதற்கு மேல் ஒரு மனுசி எப்படித்தான் சொல்வது? பத்திரம் எழுதிக் கையெழுத்தா வாங்க முடியும்?

திரும்ப வாங்கப் போனால் மேசைமேல் துணி போட்டு மூடி வைத்திருந்தான். கல்யாணப் பெண் முகத்தைக் காட்டுவது போலத் துணியை விலக்கினான். உள்ளே ஒரு கருப்புக் கட்டி. கார் பம்பருக்கு அடிக்கிற ஸ்பிரே பெயின்ட். அதன்மேல் மஞ்சள் பூப்போட்ட ஸ்டிக்கர்.

"சிங்கக்காரி எங்கே?"

"யாருக்கா?"

"இங்கே இருந்த படம்!"

"அந்தப் பழைய டிசைனா? தின்னர் போட்டுச் சுத்தமா எடுத்தாச்சுக்கா. ஒரு புள்ளிகூட இல்லை, தடவிப் பாருங்க."

தடவிப் பார்க்கச் சொல்கிறான்! அந்தத் தங்கப் படம் காகிதத்தைவிட மெல்லிசு. அதற்கு மேலே இருக்கும் காப்பு அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டாலே அரக்கு கரையும், தின்னர் ஊற்றித் தேய்த்தால் படம் பூச்சோடு சேர்ந்து பஞ்சில் வந்துவிடும். மெஷின் எண்ணெயில் நனைத்த பஞ்சு, மெதுவான கை, வேண்டிய நேரம், இவ்வளவுதான் அதற்கு வைத்தியம். நான் அப்படித்தான் வருசக்கணக்காகத் துடைத்து வந்தேன். இவன் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டான்.

அதோடு நின்றானா? பெயின்ட் அடிக்கும்போது எண்ணெய் விடும் ஓட்டைகளை மூடக்கூட இல்லை. ஒவ்வொரு ஓட்டையும் அடைத்துக் கிடக்கிறது. திருகு தலைகளில் காடி தெரியவில்லை. நூல் போகும் இறுக்கத் தட்டுகளுக்கு நடுவில் பெயின்ட் காய்ந்து இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வரிசை எண்மேலும் ஒரு கோட்டிங். அந்த எண்ணை வைத்துத்தான் மெஷின் எந்த வருசம் எந்த ஆலையில் பிறந்தது என்றே கண்டுபிடிக்கிறோம். பிறப்புச் சான்றிதழை மெழுகிவிட்டான் பாவி. பக்கவாட்டில் பதித்திருந்த பித்தளை முத்திரையைக் கேட்டால், "அது கறுத்துப் போயிருந்துச்சுக்கா, கழட்டிட்டேன்" என்கிறான். எங்கே என்றால் பையனைக் கூப்பிடுகிறான். பையன் குப்பைத் தொட்டியைப் பார்க்கிறான்.

கடைசியாகக் கேட்டேன். "ஸ்பிரிங் போட்டாச்சா?"

"அதுதான்க்கா கிடைக்கலை."

கிடைக்கவில்லை! எதற்காக அங்கே போனேனோ அது ஒன்றைத் தவிர ஊரில் இருக்கிற எல்லா அக்கிரமத்தையும் செய்து வைத்திருக்கிறான். அதற்குப் பெயின்ட் கூலி, ஸ்டிக்கர் கூலி என்று துண்டுச் சீட்டு வேறு. நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டீ குடித்த பெரியவர் மட்டும் மெதுவாக, "அப்பவே சொன்னாங்களேப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் நூறு வயது இருக்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டு வந்தால் பெரியப்பா மகன் சொல்கிறார், "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு." அண்ணன் என்பதால் பேசாமல் உள்ளே போய்விட்டேன்.

இந்த ஊருக்கே இந்த நோய் இருக்கிறது. பழசு என்றால் சுரண்டு, அடி, பூசு. கும்பாபிஷேகம் என்று சொல்லிக் கோயில் தூண்களில் மணலை வீசியடித்துக் கல்வெட்டு எழுத்தையும் சிற்பத்தின் மூக்கையும் மழித்தவர்கள் நாம். ஓவியச் சுவரில் சுண்ணாம்பு அடித்தவர்கள். ஒரு தையல் மெஷினையா விட்டு வைப்போம்?

பெயின்ட் அடிக்காதவர்கள் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். எத்தனை அத்தைகளிடம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன்! தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி, அப்புறம் இறுகி, அச்சையே பிடித்துக்கொள்ளும். பிறகு சக்கரம் சுற்றவில்லை, மெஷின் செத்துவிட்டது என்று பழைய இரும்புக்காரனிடம் போடுவார்கள். அது சாகவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துப் பிசினைக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விட்டால் முக்கால்வாசி மெஷின்கள் மறுபடியும் ஓடும். ஊசிகூடத் தேடி அலைய வேண்டாம். இந்த 27கேவுக்குப் போடும் 15×1 ஊசி இன்றைக்கும் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கிறது. நூறு வருசத்து மெஷினுக்கு ஊசி கிடைக்கிறது, ஐந்து வருசத்து மிக்சிக்கு ஜார் கிடைப்பதில்லை.

இன்னொரு கூட்டம் ஹெட்டை எடைக்குப் போட்டுவிட்டு, ஸ்டாண்டின் மேல் கிரானைட் வைத்து வாஷ்பேசின் மேசை ஆக்குகிறது. மிதிபலகையில் 'சிங்கர்' என்ற பெயரோடு காபிக் கடைகளில் அலங்காரத்துக்கு நிற்கிறது. இன்னொரு கும்பல், உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறதாமே என்று விலை பேச வரும். 2009ல் சவுதி அரேபியாவில் கிளம்பிய புரளி அது. ஊசிப் பக்கம் செல்போனை வைத்து லைன் கட்டானால் உள்ளே அது இருக்கிறது என்று நம்பி, பழைய சிங்கரை அங்கே கொள்ளை விலைக்கு வாங்கினார்கள். மெஷினுக்குள் இரும்பும் எண்ணெயும்தான் ஐயா இருக்கிறது!

எந்திரம் வேண்டாம் என்று பேசிய காந்தியே 1924ல் கேட்டபோது சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த ஒருவனின் அன்பில் பிறந்தது என்று சொன்னார். அவர் விட்டு வைத்ததை இவன் தின்னரால் முடித்தான்.

மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்கள் இருந்தவரை எனக்குக் கவலையே இல்லை. காதால் கேட்டே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்வார்கள். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது. தேடத்தான் போகிறேன். ஸ்பிரிங்கும் வாங்குவேன், ஓட்டைகளையும் ஊசி வைத்துக் குத்திக் குத்தித் திறப்பேன். இறுக்கத் தட்டைக் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. சிங்கக்காரிதான் போனது போனதுதான்.

இதில் இன்றைக்குக் காலையில் போன மாதம் வாங்கிய சட்டையில் பட்டன் தெறித்து விழுந்தது. ஒன்று விழுந்ததும் நூலை இழுத்தால் சரசரவென்று முழுக்க உருவிக்கொண்டு வருகிறது. முடிச்சே கிடையாது, வெறும் சங்கிலித் தையல்! ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு முடிச்சுப் போட உங்களுக்கு என்னய்யா கேடு?