கரிகிரி கூஜாவை எந்த அறையில் வைப்பீர்கள்?

பெரிய மியூசியங்கள் சிலவற்றில் இப்போது ஓவியம், பானை, நாற்காலி எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் கலந்து வைக்கிறார்கள். கலைக்கும் கைவினைக்கும் நடுவில் இருந்த சுவர் இடிந்துவிட்டதாக நண்பர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஒரே கூடத்தில் வைத்த பிறகும் ஓவியத்துக்குப் பக்கத்தில்தான் ஆள் பெயர் இருக்கிறது. பானைக்குப் பக்கத்தில் ஊர் பெயர்தான்.

எங்கள் காட்பாடிப் பக்கத்து கரிகிரி மண்பாண்டத்தையே எடுத்துக்கொள்வோம். (கரிகிரி என்றால் வேலூர்க்காரர்கள் பலருக்கு தொழுநோய் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அதே கரிகிரிதான்.) அந்த ஊர் கூஜாவில் விசேஷமான ரகத்துக்கு இரண்டு சுவர். உள்ளே தண்ணீர் நிற்கும் பாத்திரம். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெளிச்சுவர், அது முழுக்கக் கட்டம் கட்டமாக வெட்டிய துளைகள். துளை வழியாகக் காற்று புகுந்து போகும், உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். வேலூர் வெயிலைத் தின்றவன்தான் இப்படி யோசிப்பான். அந்தத் துளைகளை எந்த நேரத்திலும் வெட்டிவிட முடியாது. மண் ஈரமாக இருந்தால் கத்தியோடு இழுத்துக்கொண்டு வரும், காய்ந்துவிட்டால் விண்டு போகும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அது விரலுக்குத்தான் தெரியும். மேலே பச்சையோ பழுப்போ பளபளக்கும் மெருகு வேறு.

இதில் வடிவமைப்பு எது, கைவினை எது, கலை எது? கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம். துளை அழகுக்கா, காற்றுக்கா என்றே பிரிக்க முடியாது.

இந்தப் பிரிவினை ஒன்றும் ஆதியிலிருந்து வந்ததில்லை. இன்றைய லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 1852ல் தொழிற்பொருள்களுக்கான மியூசியமாகத்தான் தொடங்கியது. சென்னையில் அதற்கும் முன்பே, 1850ல், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் மண்பாண்ட வேலையும் உண்டு. பிற்பாடு அதே நிறுவனத்தின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அதற்கு நிலம் வாங்கக் காசு எப்படி வந்தது? ஓவியர்கள் பாட்டிக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் துணி) மற்ற கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசு. ஓவியம் வாங்க ஆளில்லாத காலத்தில் சோறு போட்டது பாட்டிக். இன்றைக்கு மியூசியத்தில் தொங்குவது ஓவியம்.

எங்கள் கோட்டைக்குள்ளேயே இன்னொரு கூத்தைப் பார்க்கலாம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களைப் பார்க்காத வேலூர்க்காரர் இருக்க முடியாது. கோயில் பல தலைமுறையாக மூலவர் இல்லாமல் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னமாகக் கிடந்தது. வருகிறவர்கள் சிற்பம் பார்த்துவிட்டுப் போனார்கள். 1981ல் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள், அதே ஜனம் செருப்பைக் கழற்றிவிட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டது. தூணில் ஒரு உளி கூடப் புதிதாகப் படவில்லை. நாம் பார்க்கிற பார்வைதான் மாறியது.

அதனால்தான் கூஜாவுக்குக் 'கலை' என்று பட்டம் சூட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. ஒரு கூஜாவைக் குறுக்கே அறுத்து வையுங்கள், இரண்டு சுவரும் தெரியட்டும். பக்கத்திலேயே சக்கரமும் கத்தியும் இருக்கட்டும். தொட்டுப் பார்க்க ஒன்று வெளியில் இருக்கட்டும், உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், செய்கிறவருக்கும் வியாபாரம். பழைய பொருள் என்றால் "செய்தவர் பெயர் பதிவாகவில்லை" என்றாவது அட்டையில் எழுதுங்கள். இன்றைய பொருள் என்றால் பெயரைப் போடுவதில் என்ன கஷ்டம்?

ஒவ்வொரு பானைக்கும் பெயர் எழுத அட்டையில் ஏது இடம் என்று ஒருவர் கேட்டார். ஏன் சார், கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர், அப்பா பெயர், ஊர், தெரு வரைக்கும் எழுத இடம் இருக்கிறதே!