கட்டைப் பிரித்தால் கடன் எதற்கு?

குழந்தைகளுக்குக் கழித்தல் சொல்லித்தரப் புளியங்கொட்டை போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒற்றை இலக்கம் வரை சரி. அப்புறம்? என் மகள் 52-இல் 27 போனால் 35 என்று எழுதினாள். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டாள்! 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று எத்தனை முறை சொல்லியும் ஏறவில்லை.

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு வைத்தேன். ஏழு குச்சி கேட்டதும் அவளே ஒரு கட்டைப் பிரித்தாள். உதிரி 12 ஆயிற்று. ஏழைக் கொடுத்தாள், மீதி ஐந்து. நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. 25. கடன் என்ற பேச்சே எழவில்லை. (திருப்பித் தராவிட்டால் அது என்ன கடன் என்று முந்தின நாளே கேட்டிருந்தாள். என்னிடம் பதில் இல்லை.)