1 தீமோத்தேயு 2-ல அப்படி ஒரு வரி இல்லீங்க

மேல பிரதர் ஒருத்தர் போட்ட மெசேஜ் இப்போ நிறைய குரூப்ல சுத்துது, அதாவது "தலைவர்களை குறை சொல்லாதே, அவங்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணு"ன்னு பைபிள்ல 1 தீமோத்தேயு 2:1-2-ல இருக்குன்னு. பாதி சரிதான் பிரதர். ராஜாக்களுக்காகவும் அதிகாரத்துல இருக்கிற எல்லாருக்காகவும் ஜெபிக்கணும்னு அங்க தெளிவா இருக்கு, நாம அமைதியா வாழணும்ங்கிற காரணத்தோட. ஆனா "குறை சொல்லாதே"ங்கிறதும் "மட்டும்"ங்கிறதும் அந்த ரெண்டு வசனத்துல இல்ல, யாரோ ஃபார்வர்ட் பண்ணும்போது சேர்த்தது போல.

செக் பண்றது ஈஸி. வீட்ல இருக்கிற பழைய பைபிளையும் கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தையும் (அதுல 1 திமொத்தேயுன்னு இருக்கும்) பக்கத்துல வச்சு அந்த ரெண்டு வசனத்தை மட்டும் படிங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

அப்படியே அப்போஸ்தலர் 16:37-ஐயும் பாருங்க. விசாரிக்காம அடிச்சு ஜெயில்ல போட்டுட்டு மறுநாள் சத்தமில்லாம போகச் சொன்ன பிலிப்பி நகர அதிகாரிகளை, அவங்களே வந்து எங்களை வெளிய கூட்டிட்டுப் போகட்டும்னு கேட்டது தீமோத்தேயுவுக்கு எழுதின இதே பவுல்தான், அதுவும் ஜெயில்ல நடுராத்திரியில ஜெபம் பாட்டுன்னு இருந்துட்டு (25-ம் வசனம்)! அவங்களும் வந்தாங்க.

திட்டுறது வேற விஷயம், அதுக்கு அப்போஸ்தலர் 23:5 இருக்கு (ஜனங்களோட அதிபதியை தீதா பேசாதேன்னு), அதை யாராவது காட்டினா நான் மறுக்க மாட்டேன். ஆனா ரோடு சரியில்லைன்னு கவுன்சிலர்கிட்ட மனு கொடுக்கிறவங்களை இந்த வசனத்தை வச்சு வாயை மூடச் சொல்ல முடியாது பிரதர். முடிஞ்சா போஸ்ட்ல அந்த "மட்டும்"ஐ எடுத்துடுங்க.