அலி (ரலி), அலி (அலை): இமாமத் கொள்கை குறித்துச் சில எண்ணங்கள்

பஹ்ரைனில் வேலை பார்த்த ஆண்டுகளில் என் பக்கத்து மேசையில் அந்நாட்டுக்காரரான ஷீஆ நண்பர் ஒருவர் இருந்தார். நபியின் மருமகனான அலியின் பெயரை எடுக்கும்போதெல்லாம் சுன்னியான நான் 'ரலியல்லாஹு அன்ஹு' என்பேன். அவர் 'அலைஹிஸ்ஸலாம்' என்பார். நாக்குப் பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். நபித்தோழர்களுக்குச் சொல்லும் துஆவை நானும், நபிமார்களுக்கு நாம் சொல்லும் ஸலாமை அவரும் ஒரே மனிதருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதும், இமாமத், அதாவது நபிக்குப் பின் சமுதாயத்துக்கு வழிகாட்டும் தலைமை, பற்றிய சர்ச்சையின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லுக்குள் மடிந்து கிடக்கிறது என்பதும் பிறகுதான் உறைத்தது.

நம் ஊர்களில் இந்தச் சர்ச்சை சரியாக விளங்காமல் போவதற்கு 'இமாம்' என்ற சொல்லே ஒரு காரணம். நமக்கு இமாம் என்றால் ஐவேளைத் தொழுகை நடத்தும் ஹஜ்ரத். ஜமாஅத் நிர்வாகம் அவரை அமர்த்தும், சம்பளம் கொடுக்கும், ஒத்துவராவிட்டால் வேறொருவரைத் தேடும். அதற்கு மேல் போனால் ஷாஃபிஈ, அபூ ஹனீஃபா போன்ற மத்ஹபு (சட்டப் பள்ளி) இமாம்கள். இந்தக் காதோடு 'அல்லாஹ் நியமித்த பன்னிரண்டு இமாம்கள்' என்பதைக் கேட்பவர், 'அப்படியென்றால் அவர்கள் அலியை நபி என்கிறார்கள்' என்று ஒரே தாவலில் முடிவுகட்டிவிடுகிறார். பயான் மேடைகளிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். இது உண்மையன்று. முஹம்மது நபி (ஸல்) அவர்களோடு நபித்துவம் முற்றுப்பெற்றது என்பதில் அலி முதலாகப் பன்னிரண்டு இமாம்களை ஏற்கும் பன்னிரு இமாமிய ஷீஆக்களுக்கும் சுன்னிகளாகிய நமக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

வேறுபாடு அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. நபித்துவம் முடிந்தபின் வேதத்தைப் பிழையின்றி விளக்கும் பொறுப்பு யாருடையது? ஷீஆ அறிஞர்களின் பதில் மூன்று சொற்களில் அடங்கும். முதலாவது 'லுத்ஃப்': மனிதர் நேர்வழியை அடைய உதவும் அருளை இறைவன் நிறுத்திவிட மாட்டான், ஆகவே ஒவ்வொரு காலத்திலும் ஒரு வழிகாட்டி இருந்தாக வேண்டும். இரண்டாவது 'இஸ்மத்': அந்த வழிகாட்டியே தவறக்கூடியவராக இருந்தால் அவரைத் திருத்த இன்னொருவர் வேண்டும், அவரைத் திருத்த மற்றொருவர் வேண்டும் என்று சங்கிலி நீண்டுவிடும் என்பதால் அவர் பாவத்திலிருந்தும் பிழையிலிருந்தும் காக்கப்பட்டவராக இருக்க வேண்டும். மூன்றாவது 'நஸ்': உள்ளத்தின் தூய்மையை இறைவன் ஒருவனே அறிவான், எனவே அவனுடைய அறிவிப்பு வழியாக மட்டுமே இமாம் நியமிக்கப்பட முடியும். இவற்றில் ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்ற இரண்டும் இழுத்துக்கொண்டு வந்துவிடும் அளவுக்கு இறுக்கமாகப் பின்னப்பட்ட வாதம் இது.

இதற்கு அவர்கள் காட்டும் குர்ஆன் சான்றுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2:124. இப்ராஹீம் நபி சோதனைகளில் தேறிய பிறகு, 'உம்மை மனிதர்களுக்கு இமாமாக ஆக்குகிறேன்' என்கிறான் இறைவன். 'என் சந்ததியிலும்?' என்று அவர் கேட்க, 'என் வாக்குறுதி அநீதியாளர்களைச் சேராது' என்று பதில் வருகிறது. ஏற்கெனவே நபியாக இருந்தவருக்குப் புதிதாக வழங்கப்பட்டதால் இமாமத் என்பது தனியொரு பதவி. வாழ்நாளில் ஒருபோதும் அநீதி செய்திராதவரே அதற்கு உரியவர் என்பது அவர்களின் வாசிப்பு. இங்கே இமாம் என்பது பின்பற்றத்தக்க முன்மாதிரி என்ற பொருளில் வந்துள்ளது, உண்மையான தவ்பா பழைய பாவத்தை அழித்துவிடும் என்பது நம் அறிஞர்கள் பலரின் விளக்கம். நான் இரண்டாவது விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் முதலாவதை உளறல் என்று ஒதுக்குபவர் அந்த வசனத்தை நின்று படிக்கவில்லை என்றே சொல்வேன்.

ஃகதீர் கும் நிகழ்ச்சி வேறு வகையான சிக்கல். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு துல்ஹஜ் 18 அன்று, இறுதி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், ஜுஹ்ஃபாவுக்கு அருகே, 'நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலியும் மவ்லா' என்று நபியவர்கள் சொன்னதை நம் ஹதீஸ் நூல்களும் பதிவு செய்திருக்கின்றன. திர்மிதீயிலும் முஸ்னத் அஹ்மதிலும் பார்க்கலாம். எனவே சண்டை அறிவிப்பைப் பற்றியதன்று, 'மவ்லா' என்ற சொல்லின் பொருளைப் பற்றியது. யமன் பயணத்தில் அலியோடு சிலருக்கு ஏற்பட்ட மனக்கசப்பைத் தீர்க்கவே நபியவர்கள் அவ்வாறு சொன்னார்கள், அதன் பொருள் நேசர் என்பதே என்று நாம் சொல்கிறோம். சில அறிவிப்புகளில், 'நம்பிக்கையாளர்களுக்கு அவர்களுடைய உயிரைவிட நான் உரிமை மிக்கவன் அல்லவா?' என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் இந்த வாக்கியத்தைச் சொன்னார்கள் என்று இருப்பதைக் காட்டி, அதிகாரத்தைப் பற்றிய பேச்சு அது என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில், நபியவர்கள் இறந்ததும், மதீனாவில் ஸகீஃபா என்ற கூடத்தில் அன்சாரிகள் (மதீனாவைச் சேர்ந்த தோழர்கள்) தம்மிலிருந்தே ஒரு தலைவரைத் தேடிக் கூடியபோது, ஃகதீரை நியமனமாக நினைவுபடுத்தி ஒருவர்கூட வாதிட்டதாக நம் அறிவிப்புகளில் இல்லை. அந்த மௌனத்துக்கு எனக்கு நிறைவான பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

அதே நேரத்தில் நம் பக்கத்தின் சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. கலீஃபாவை (நபிக்குப் பின் வரும் ஆட்சித் தலைவரை)த் தேர்ந்தெடுப்பது சமுதாயத்தின் உரிமை, ஷூராவே (கலந்தாலோசனையே) வழி என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) ஸகீஃபாவில் அவசரச் சூழலில் பைஅத் (தலைமையை ஏற்கும் உறுதிமொழி) பெற்றார். உமரை (ரலி) அவரே நியமித்தார். உமர் ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தார், அதன் வழியாக உஸ்மான் (ரலி) வந்தார். அலி மதீனாவாசிகளின் பைஅத்தால் வந்தார். பின்னர் ஆட்சிக்கு வந்த முஆவியா தம் மகனுக்கே ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை முறைகளையும் ஒரே கோட்பாட்டுக்குள் அடக்கப் பிற்கால ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 'தம் சமுதாயத்தை வாரிசில்லாமல் விடக் கூடாது என்ற அக்கறை அபூபக்ருக்கு இருந்ததே, அது நபிக்கு இல்லாமல் போனதா?' என்று நண்பர் ஒருநாள் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவருக்கும் ஒரு சங்கடம் காத்திருந்தது. ஷரீஃப் ரழீ (இறப்பு 1015) தொகுத்த, அலியின் உரைகளும் கடிதங்களும் அடங்கிய நஹ்ஜுல் பலாகாவை அவர்கள் போற்றிப் படிக்கிறார்கள். அதன் மூன்றாவது குத்பாவில் (உரையில்), கிலாஃபத்தில் தம் இடம் திரிகைக்கு அச்சு போன்றது என்று தெரிந்தும் மற்றவர் அதை ஆடைபோல் அணிந்துகொண்டதாக அலி வேதனையோடு சொல்கிறார். அதே நூலின் ஆறாவது கடிதத்தில், தம்மை எதிர்த்த முஆவியாவுக்கு எழுதும்போது, அபூபக்ர், உமர், உஸ்மான் ஆகியோருக்கு பைஅத் செய்தவர்களே தமக்கும் செய்தார்கள், ஷூரா முஹாஜிர்களுக்கும் (மக்காவிலிருந்து குடிபெயர்ந்த தோழர்களுக்கும்) அன்சாரிகளுக்கும் உரியது என்கிறார். எதிராளி ஏற்றுக்கொண்டதை வைத்தே அவரை மடக்கும் வாதம் அது என்பது ஷீஆ விரிவுரையாளர்களின் பதில். இருக்கலாம். இறைவனால் நியமிக்கப்பட்டவர் தம் உரிமையை நிறுவ அந்த நியமனத்தையே முதலில் எடுத்துச் சொல்லாமல் பைஅத்தைச் சொன்னது ஏன் என்ற கேள்வி என்னிடம் அப்படியே இருக்கிறது.

ஷீஆக்கள் எல்லோரும் ஒரே அணியினர் என்று எண்ணுவதும் பிழை. யமனின் ஸைதிகள் இமாமைப் பிழையற்றவர் என்று கருதுவதில்லை; அலியின் மகன்களான ஹஸன் அல்லது ஹுஸைன் வழியில் வந்த, அறிவும் துணிவும் உள்ளவர் அநீதிக்கு எதிராக எழுந்து நின்று உரிமை கோருவதே அவர்களுக்கு முக்கியம். அங்கே அந்த இமாமத் ஆட்சி 1962 வரை நீடித்தது. இன்னொரு ஷீஆப் பிரிவான இஸ்மாயீலிகளில் நிஸாரிகளுக்கு இமாம் இன்றும் கண்ணெதிரே இருக்கிறார். சென்னையிலும் கொழும்பிலும் வணிகம் செய்யும், அதே இஸ்மாயீலிகளின் மற்றொரு கிளையான போராக்களுக்கோ இருபத்தோராம் இமாம் தய்யிபிலிருந்து இமாமத் திரைக்குப் பின்னால் தொடர்கிறது, தாயீ என்ற தலைவர் அவர் சார்பில் வழிநடத்துகிறார்.

என் முடிவைத் தீர்மானித்தது ஹதீஸ் சர்ச்சை அன்று, கைபத், அதாவது இமாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருத்தல். பதினோராம் இமாம் ஹஸன் அஸ்கரீ 874இல் இறந்தார். அவருடைய மகன் மறைவில் இருப்பதாகவும், நான்கு பிரதிநிதிகள் வழியாகத் தொடர்பு கொண்டதாகவும், 941இல் நான்காமவரோடு அந்த வாசலும் மூடப்பட்டதாகவும் பன்னிரு இமாமியர் நம்புகின்றனர். பிழையற்ற வழிகாட்டி எல்லாக் காலத்திலும் தேவை என்று தொடங்கிய வாதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அணுக முடியாத ஒரு வழிகாட்டியிடம் வந்து நிற்கிறது. இஸ்மாயீலிகளோடு வாதிட்டபோது கஸ்ஸாலி (இறப்பு 1111) சொன்னது நினைவுக்கு வருகிறது: பிழையற்ற ஆசிரியர் எமக்கும் உண்டு, அவர் முஹம்மது, அவர் இறந்துவிட்டார் என்றால் உங்கள் ஆசிரியர் மறைந்திருக்கிறார் என்றார். இமாமின் இருப்பு ஓர் அருள், அவர் செயல்படுவது மற்றோர் அருள், அவர் இல்லாமல் போனது நம்மால் என்று நஸீருத்தீன் தூஸீ (இறப்பு 1274) எழுதினார். பாத்திரத்தை ஏந்தத் தெரியாதவர்களிடமிருந்து உணவு எடுத்துவைக்கப்பட்டது என்பது போன்ற பதில். அழகானது. ஆனால் பட்டினி அப்படியே இருக்கிறது.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்பினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஈராக்கின் நஜஃபிலும் ஈரானின் கும்மிலும் முஜ்தஹிதுகள் (மார்க்கச் சட்ட ஆய்வாளர்கள்) ஆய்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள், மக்கள் தமக்கு ஏற்ற மர்ஜஃவை (மூத்த முஜ்தஹிதை)ப் பின்பற்றுகிறார்கள், இரண்டு மர்ஜஃகள் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. 1979இல் இயற்றப்பட்ட ஈரானின் அரசியல் சட்டம் மறைந்த இமாமின் பெயரைச் சொல்லியே ஃபகீஹிடம் (மார்க்கச் சட்ட அறிஞரிடம்) ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்தது. ஆனாலும் 1989இல் அந்நாட்டுத் தலைவர் கொமைனீ இறந்து, அவர் இடத்துக்கு ஒருவர் தேவைப்பட்டபோது நிபுணர் பேரவை கூடி, விவாதித்து, வாக்களித்துத்தான் தேர்ந்தெடுத்தது.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது நண்பர் சிரித்தார். மேகத்துக்குப் பின்னால் இருக்கும் சூரியனைக் கொண்டுதான் பகல் வெளிச்சமாக இருக்கிறது என்று அவர்களுடைய பிரபலமான அறிவிப்பைச் சொன்னார். பிறகு, 'குர்ஆன் உங்கள் கையில் மறையாமல்தானே இருக்கிறது? பிறகு எதற்கு நான்கு மத்ஹபு?' என்று கேட்டார். அந்த நான்கையும் நாங்கள் குறையாக எண்ணவில்லை, தவறக்கூடிய மனிதர்களிடம் வேதம் ஒப்படைக்கப்பட்டால் அப்படித்தான் இருக்கும் என்றேன். 'அதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை' என்றார். அன்று லுஹர் தொழுகைக்கு அவர் ஸஜ்தாவில் நெற்றி வைக்கும் தம் களிமண் வில்லையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். இருவரும் ஒரே அறையில், அடுத்தடுத்துத் தொழுதோம்.