ராஜ்தூத்தின் பூர்வீகம் கீல்ட்சே

போலந்தின் எஸ்.எச்.எல் பைக்குகளைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அவற்றில் எம்11 என்ற மாடலுக்கு இரண்டே வரிதானா? நம் ராஜ்தூத் 175 பைக்கின் மூலமே அதுதானே! போலந்தின் கீல்ட்சே நகரில் 1961-இல் வந்த அந்த மாடலின் உரிமத்தை வாங்கித்தான் எஸ்கார்ட்ஸ் என்ற இந்திய நிறுவனம் இங்கே ராஜ்தூத்தைத் தயாரித்தது.

எஸ்.எச்.எல் தொழிற்சாலையின் கதையும் சுவையானது. லுட்விகுஃப் என்ற பழைய இரும்பாலை அது. குதிரைப்படைக்கு வாளும் சிப்பாய்களுக்குத் தலைக்கவசமும் அடித்த இடம். 1938-இல் பிரிட்டனின் வில்லியர்ஸ் நிறுவன உரிமத்தில் செய்த 98 சிசி இன்ஜினோடு முதல் பைக் வந்தது, மறு வருடமே போர். அப்புறம் 125, கடைசியில் 175.

எங்கள் மாமாவிடம் ஒரு ராஜ்தூத் இருந்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் அளந்து ஆயிலும் ஊற்றிக் கலக்க வேண்டும், டூ ஸ்ட்ரோக் ஆயிற்றே. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, மண் ரோட்டில் புகை கக்கிக்கொண்டு போவார். கீல்ட்சேயில் 1970-இலேயே பைக் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. தாய்வீட்டில் மறந்த பிள்ளையைப் புகுந்த வீடு தாங்கியது போல!