எதற்கும் ஒரு குடை

'இன் கேஸ்' என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் சட்டென்று வாயில் வருவது 'ஒருவேளை'. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர் சர்வர் படுத்த பிறகுதான் புத்தி வந்தது.

கூட வேலை செய்பவருக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். 'டேக் எ பேக்கப் இன் கேஸ் த சர்வர் ஃபெயில்ஸ்.' இப்போதே நகல் எடுத்து வை, சர்வர் போனாலும் கவலையில்லை என்பது என் கணக்கு. சர்வர் போனால் எடு என்பது அவர் கணக்கு. போனது. செத்த சர்வரிலிருந்து எதை எடுப்பது? கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், பாவம், அவரும் 'ஒருவேளை சர்வர் போனால்' என்று மனசுக்குள் தமிழாக்கித்தான் படித்திருக்கிறார்.

'இஃப் இட் ரெய்ன்ஸ்' குடை எடு என்றால், தூறல் விழும்வரை குடை மூலையில் கிடக்கலாம். 'இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்' என்றால் வெயில் கொளுத்தினாலும் குடை கையில் இருக்கவேண்டும். மழை கடைசிவரை வராமலே போகலாம், அது வேறு. இதற்கு நம்மிடம் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறதே: 'எதற்கும்'. 'எதற்கும் ஒரு குடை எடுத்துக்கோ' என்று அம்மா சொல்லும்போது மழை என்ற பேச்சே எழுவதில்லை, ஆனாலும் நமக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் 'ஜஸ்ட் இன் கேஸ்' என்று தொங்குவதும் இதேதான்.

பின்னால் ஒரு 'ஆஃப்' ஒட்டிக்கொண்டால் கதை தலைகீழ். 'இன் கேஸ் ஆஃப் ஃபயர், பிரேக் கிளாஸ்' என்பதைப் படித்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியை உடைத்து வைக்க முடியாது. தீப்பிடித்தால்தான். அமெரிக்கர்கள் சிலசமயம் 'ஆஃப்' இல்லாமலே 'இஃப்' என்ற பொருளில் எழுதுவதும் உண்டு. ஆக, என் நண்பர் மேல் முழுப்பழியும் போட முடியாது. (இதைத் தமிழாக்குகிறவர்கள் 'தீ விபத்து ஏற்படும் பட்சத்தில்' என்று இழுப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓடுகிற ஆளுக்குத் 'தீப்பிடித்தால்' போதாதா?)

இந்தக் 'கேஸ்', விழுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாமான் வைக்கிற பெட்டியான கேஸ் வேறு வழியில் வந்த வேறு சொல். நாமும் எதிர்பாராதது நடந்தால் 'தலையில் வந்து விழுந்தது' என்றுதானே சொல்கிறோம்.

இப்போதெல்லாம் மெயிலில் 'டேக் எ பேக்கப் நவ்' என்றே எழுதுகிறேன். எதற்கும் ஒரு போனும் போட்டுவிடுகிறேன்.