தானாகக் கறுத்ததாம்

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில், சாக்கும் கல்தூளும் ஒட்டிச் செய்த என் படத்தின் முன் நின்று ஒருவர் பேசியதைச் சிலர் காணொளியிலேயே பார்த்திருப்பீர்கள். "கிடைத்ததையெல்லாம் ஒட்டியிருக்கிறார், அதுவாக அமைந்துவிட்டது" என்ற வாக்கியத்துக்கும், அதற்கு எழுந்த சிரிப்புக்கும் மட்டும் பதில் சொல்கிறேன்.

அதுவாக அமையவில்லை.

கிருஷ்ணகிரி மலையின் மாலை நேரத்தை வரையத்தான் தொடங்கினேன். பலகையில் கோணிச் சாக்கை ஒட்டி, கிரானைட் பாலிஷ் பட்டறையிலிருந்து அள்ளிவந்த கல்தூளைப் பசையில் குழைத்துப் பூசினேன். பூச்சு தடித்துப்போய் ஏரி மண்ணைப்போல் வெடித்ததால், சுரண்டிவிட்டு மெல்லிய பூச்சாக நான்கு முறை ஏற்றினேன். மலையின் செம்மைக்கு எந்த வண்ணமும் சரிப்படாமல், ஆணிகளை வினிகரில் ஊறவைத்த துருத்தண்ணீரைத் தடவினேன். அது காய்வதற்குள், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க அம்மா வைத்திருந்த கடுக்காய்த் தண்ணீர்ச் சொம்பு என் முழங்கை பட்டுக் கவிழ்ந்தது. தண்ணீர் ஓடிய வழியெல்லாம் சிவப்பு கண்ணெதிரே கறுத்தது.

கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். காளஹஸ்தியின் துணி ஓவியமான கலம்காரியில், கடுக்காய் ஏற்றிய துணிமேல் வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்புத் தண்ணீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இப்படித்தான். இதைப் படித்திருந்தும், சொம்பு கவிழும்வரை எனக்குத் தோன்றவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

"அப்படியானால் தற்செயல்தானே?" என்பீர்கள். கவிழ்ந்தது தற்செயல், துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்தது தற்செயல் அன்று. அதன்பின் 17 அட்டைத் துண்டுகளில் சோதித்து, கடுக்காய் நீர்த்திருந்தால் சாம்பல் நிறம், திண்ணமாக இருந்தால் கரி நிறம் என்று கண்டுகொண்டதும் அதுவாக அமையவில்லை. கறை படிந்த பலகை மலையாக இல்லாமல் மழையில் நனைந்த பாறையாகத் தெரிந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடியில் பார்த்த, பாறைமேல் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் நினைவுக்கு வந்தன. மலையைக் கைவிட்டு, அவற்றைப்போல் வெள்ளையில் வரையச் சுண்ணாம்பை எடுத்தேன்.

"ஒட்டுவது ஓவியமா?" என்பவர்களுக்கு: 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைப் படத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாகக் கட்டினார். பாரிஸில் கயிறு கட்டினால் கலை, காவேரிப்பட்டணத்தில் சாக்கு ஒட்டினால் குப்பை போலும். துரு நாளடைவில் சாக்கை அரிக்கும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நியாயம்தான், பிறகு பார்க்கலாம்.

எப்படி வந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த 17 அட்டைகளையும் அங்கேயே பரப்பியிருப்பேன், பையில்தான் இருந்தன. யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டார்: "நான் சொம்ப அங்க வெச்சதாலதான் அப்படிப் பேசுனாங்களா கண்ணு?"

திங்கட்கிழமையிலிருந்து கடுக்காய்ச் சொம்பு சமையலறை மேல்தட்டில் இருக்கிறது.